பெயரை விற்ற பந்தய வீரர்

செவர்லே என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. 1928-ம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. அதன் பிறகு செவர்லே கார்களும், லாரிகளும், பஸ்களும் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் ஓடின. செவர்லே என்றாலே பெரிய கார் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது.

அந்தப் பெயர் ஒரு மனிதருடையது. அவர் பெயர் லூயி செவர்லே. அவர் பெயரைத் தாங்கிய கார்கள் கோடிக்கணக்கில் விற்றன. ஆனால், அந்தக் கோடிகளில் அவர் பங்குக்கு ஒன்றும் வரவில்லை. காரணம், அவர் தன் பெயரையே விற்றுவிட்டார்!

மலிவான காரில் தன் பெயர் இருப்பதை விரும்பாமல் சொந்தக் கம்பெனியை விட்டு வெளியேறியவர் அவர். அதே மனிதர் பிறகு, அமெரிக்காவின் மிக மலிவான காரைப் பந்தயத்தில் ஓட வைத்துத்தான் பிழைப்பு நடத்தினார். இதற்கு நடுவில் இரண்டு தம்பிகளோடு சேர்ந்து ஒரு பந்தயக் கோஷ்டி அமைத்தார். அதில் வெற்றி கண்டார். அதே ஆண்டில் ஒரு தம்பியைப் பறிகொடுத்தார். அவரது கதை இது.

கடிகார ஊர்

சுவிட்சர்லாந்தில் லா ஷோ-டி-ஃபோன் என்று ஓர் ஊர். கைக்கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே 1878-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, லூயி பிறந்தான். அவன் தந்தையும் கடிகாரத் தொழிலாளிதான்.

வீட்டில் குழந்தைகள் அதிகம், வருமானம் குறைவு. 1880-களின் பிற்பகுதியில் குடும்பம் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பர்கண்டிப் பகுதியில் போன் என்ற ஊரில் குடியேறியது. தந்தை அங்கேயும் கடிகார வேலையே செய்தார்.

லூயி அதிகம் படிக்கவில்லை. சின்ன வயதிலேயே ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கடிகாரத்தின் நுணுக்கம் அவன் கையில் ஊறியிருந்தது. சைக்கிளின் வேகமோ அவன் கண்ணில் பட்டது. ரிப்பேர் செய்த நேரம் போக, பந்தயங்களில் ஓட்டினான். பல பந்தயங்களில் ஜெயித்தான். ஜெயித்த பணம் வீட்டுச் செலவுக்கு உதவியது.

பிறகு பாரிஸ் நகரம் போய் மோட்டார் பட்டறையில் வேலை கற்றான். மோட்டார் கார் என்பது அப்போது அபூர்வமான பொருள். அதைத் திறந்து பார்த்து, கழற்றி, மாட்டத் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். 1900-ம் ஆண்டில் லூயி கப்பல் ஏறினான். முதலில் கனடாவில் மாண்ட்ரீல். அங்கிருந்து அடுத்த ஆண்டே நியூயார்க்.

ஒரே நாளில் புகழ்

நியூயார்க்கில் பிரெஞ்சு, இத்தாலியக் கார்களை விற்ற கம்பெனிகளில் அவர் மெக்கானிக்காக வேலை பார்த்தார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் எஞ்சினின் பாஷை நன்றாகத் தெரியும். ஆள் வாட்டசாட்டமானவர். அடர்ந்த மீசை. கோபம் மூக்கின் மேல் நிற்கும்.

1905-ம் ஆண்டு மே 20-ந் தேதி மோரிஸ் பார்க் என்ற இடத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது. அன்று பார்னி ஓல்டுஃபீல்டு என்பவர்தான் அமெரிக்காவின் பெரிய பந்தய வீரர். அவர் பெயரைச் சொன்னால் டிக்கெட் விற்கும். யாரும் அறியாத லூயி, 90 குதிரைச் சக்தி உள்ள ஃபியட் காரில் அவரை எதிர்த்து இறங்கினார். ஒரு மைல் தூரத்தை 52.8 விநாடியில் கடந்தார்! மணிக்கு 68 மைல் வேகம். ஓல்டுஃபீல்டு தோற்றார். மறுநாள் பத்திரிகைகளில் லூயியின் பெயர் அடிபட்டது.

அதே ஆண்டில் அவருக்குக் கல்யாணமும் நடந்தது. மனைவி பெயர் சுசான். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

கையில் காசு வந்ததும் லூயி தன் குடும்பத்தை மறக்கவில்லை. பிரான்சில் இருந்த தம்பிகளை அமெரிக்காவுக்கு வரவழைத்தார். ஆர்தர் 1884-ல் பிறந்தவர். லூயியை விட ஐந்து வயதுக்குச் சற்று மேல் இளையவர். காஸ்டன் 1892-ல் பிறந்தவர், கடைக்குட்டி மாதிரி. அவருக்கும் லூயிக்கும் கிட்டத்தட்ட 14 வயது வித்தியாசம். அண்ணன் என்பதை விட அப்பா ஸ்தானத்தில்தான் லூயி அவருக்கு இருந்தார். தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் தம்பிகளுக்கும் கற்றுக் கொடுத்தார். மூவரும் ஓட்டினார்கள். மூவரும் ஸ்பானர் பிடித்தார்கள்.

முதலாளியின் பரீட்சை

வில்லியம் டியூரண்ட் என்ற பணக்காரர் அப்போது பியூக் கார் கம்பெனியை நடத்தி வந்தார். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கியவரும் அவரே. கார் விற்க வேண்டுமானால் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் லூயியையும் ஆர்தரையும் கூப்பிட்டனுப்பினார்.

அப்போது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சகோதரர்கள் இருவரையும் டியூரண்ட் ஒரு மண் பாதையில் போட்டிக்கு விட்டாராம். லூயி தலைதெறிக்க ஓட்டி ஜெயித்தார். ஆர்தர் நிதானமாக ஓட்டித் தோற்றார். டியூரண்ட் தம்பியைத் தன் சொந்தக் கார் டிரைவராக வைத்துக்கொண்டார். அண்ணனைப் பந்தயக் கோஷ்டியில் சேர்த்தார். உயிருக்குத் துணிந்தவன் பந்தயத்துக்கு. உயிரைக் காப்பவன் முதலாளிக்கு!

கதை எப்படியோ, லூயி பியூக் கோஷ்டியின் நட்சத்திரமானது உண்மை. 1909-ம் ஆண்டு ஜூன் மாதம் இண்டியானா மாகாணத்தில் நடந்த கோப் கோப்பைப் பந்தயம் பெரிய பந்தயம். கிட்டத்தட்ட 400 மைல் தூரம். கிராமத்துப் பாதை, புழுதி கண்ணை மறைக்கும். எட்டு மணி நேரம் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்து, லூயி அதில் முதலாவதாக வந்தார்.

பெயர் விற்பனை

1910-ல் டியூரண்டுக்குச் சறுக்கல் ஏற்பட்டது. கடன் கொடுத்த பாங்கிக்காரர்கள் ஜெனரல் மோட்டார்ஸை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. புதிதாக ஒரு கம்பெனி தொடங்கத் திட்டம் போட்டார். அதற்கு ஒரு பெயர் வேண்டும். ஜனங்களுக்குத் தெரிந்த பெயராகவும் இருக்க வேண்டும். கேட்பதற்கு இனிமையாகவும் இருக்க வேண்டும். பந்தய வீரர் செவர்லேயின் பெயர் பொருத்தமாக இருந்தது.

1911-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, டெட்ராய்ட் நகரில் செவர்லே மோட்டார் கார் கம்பெனி பதிவானது. காரை அமைக்கும் பொறுப்பு லூயிக்கு. அவர் உருவாக்கிய முதல் கார், ஆறு சிலிண்டர் உள்ள கம்பீரமான வண்டி. விலை 2,150 டாலர். அதே சமயத்தில் ஹென்றி ஃபோர்டு தன் டி மாடல் காரைச் சுமார் 600 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

டியூரண்ட் ஃபோர்டைப் பார்த்தார். சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய சின்னக் கார்தான் பணம் தரும் என்று முடிவு செய்தார். லூயிக்கு அது பிடிக்கவில்லை. தன் பெயர் ஒட்டிய வண்டி உயர்ந்த வண்டியாகவே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இருவருக்கும் தகராறு முற்றியது. லூயி சிகரெட் பிடிப்பதை விட்டுவிட்டு, கனவான்களைப் போல் சுருட்டுப் பிடிக்க வேண்டும் என்று டியூரண்ட் சொன்னதாகவும், அதில்தான் லூயிக்குக் கோபம் தலைக்கேறியது என்றும் ஒரு கதை உண்டு.

1913-ல் லூயி வெளியேறினார். பங்குகளையும் விற்றுவிட்டார். ஆனால் கம்பெனியின் பெயர் கம்பெனியிடமே தங்கிவிட்டது. இனி லூயி கார் செய்தால், அதற்குத் தன் பெயரைச் சூட்ட முடியாது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1915-ல் செவர்லே கம்பெனி, 490 என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதன் விலையும் 490 டாலர்தான். கார் அமோகமாக விற்றது. செவர்லே பங்குகளின் மதிப்பு ஏறியது. அந்தப் பங்குகளைக் கொண்டே டியூரண்ட் 1916-ல் ஜெனரல் மோட்டார்ஸை மீண்டும் கைப்பற்றினார்! 1918-ல் செவர்லே, ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவாயிற்று. லூயி பங்குகளை வைத்திருந்தால் பெரும் செல்வந்தர் ஆகியிருப்பார்.

மூன்று பேர் பட்டறை

லூயி பழைய தொழிலுக்கே திரும்பினார். இந்த முறை முதலாளி யாரும் இல்லை. தம்பிகள் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். மூவருமாகச் சேர்ந்து சொந்தப் பந்தயக் கார்கள் செய்தார்கள். அவற்றுக்கு ஃபிரான்டினாக் என்று பெயர் வைத்தார்கள். அது கனடாவில் பிரெஞ்சு ஆட்சி நடந்த காலத்துக் கவர்னர் ஒருவரின் பெயர். சொந்தப் பெயர் கைவிட்டுப் போனதால், இரவல் பெயர்!

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 500 மைல் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. இரண்டரை மைல் சுற்றுள்ள பாதை. அந்தக் காலத்தில் அது முழுவதும் செங்கல் பதித்திருந்தது. அதை 200 தடவை சுற்ற வேண்டும். இன்று மூன்று மணி நேரத்தில் முடிகிற பந்தயம், அன்று ஐந்தரை மணி, ஆறு மணி நேரம் பிடித்தது. வேகம் மட்டும் போதாது. அத்தனை நேரமும் வண்டி தாங்க வேண்டும். ஆளும் தாங்க வேண்டும். செங்கல் மேல் ஓடும் குலுக்கலில் கை மரத்துவிடும். டயர் வெடிக்கும். எண்ணெய் முகத்தில் அடிக்கும். டிரைவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைத்தான்.

1915-ல் லூயி, கார்னீலியன் என்ற சின்னஞ்சிறு காரில் அந்தப் பந்தயத்தில் ஓட்டினார். பெரிய பெரிய கார்களுக்கு நடுவில் அது பொம்மை போல் இருந்தது. 200 சுற்றில் பாதிகூட முடியுமுன் எஞ்சின் கெட்டு வண்டி நின்றது. 1916-ல் லூயியும் ஆர்தரும் சொந்த ஃபிரான்டினாக் கார்களில் இறங்கினார்கள், பலன் இல்லை. நடுவில் உலக யுத்தம் வந்து பந்தயம் நின்றது. 1919-ல் லூயி ஏழாவதாக வந்தார். காஸ்டன் பத்தாவதாக வந்தார். லூயி அந்தப் பந்தயத்தில் மொத்தம் நான்கு தடவை ஓட்டினார். அவருக்குக் கிடைத்த மிக நல்ல இடம் அந்த ஏழாவது இடம்தான்.

தம்பியின் வெற்றி

1920-ம் ஆண்டுப் பந்தயத்துக்கு லூயி ஏழு கார்கள் செய்தார். மன்ரோ என்ற கம்பெனிக்காக நான்கு. ஃபிரான்டினாக் பெயரில் மூன்று. அந்த ஆண்டு எஞ்சின் அளவு மூன்று லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. அதாவது, சின்ன எஞ்சினில் அதிகச் சக்தி எடுப்பவனே ஜெயிப்பான். கடிகார ஊரில் பிறந்தவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு ஏது?

ஆனால் பந்தயத்துக்கு முன்பே கெட்ட சகுனம். ஒத்திகையில் ஆர்தரின் கார் விபத்துக்குள்ளாகி அவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டது. அதோடு அவர் பந்தயம் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

மே 31-ந் தேதி பந்தயம் தொடங்கியது. லூயியும் ஓட்டினார், காஸ்டனும் ஓட்டினார். சிறிது நேரத்தில் ஒரு பெரிய குறை வெளிப்பட்டது. ஸ்டீயரிங்கையும் முன் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புக் கரத்துக்குப் பதம் சரியாக வைக்கப்படவில்லை. ஓடும்போதே அது முறிந்தது. லூயி கோஷ்டியின் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பந்தயத்திலிருந்து விலகின. லூயியின் சொந்த வண்டியும் 94 சுற்றோடு நின்றது.

காஸ்டன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் வண்டியிலும் அதே மாதிரிக் கரம்தான். அது எந்த நிமிஷமும் முறியலாம். பாதையோரத்தில் நின்ற அண்ணனுக்கு அது தெரியும். தான் செய்த வண்டியில் தன் தம்பி மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் ஓடுவதை அவர் சுற்றுக்குச் சுற்று பார்த்து நின்றார்.

முன்னால் போன பிரெஞ்சுக் கார் பல்லோவை ஓட்டியவர் ரால்ஃப் டி பால்மா. வெற்றி அவருக்கே என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்னும் 13 சுற்றே பாக்கி இருந்த சமயத்தில் அவர் கார் கோளாறாகிவிட்டது. காஸ்டன் முந்தினார். நிதானமாக, ஒரு டயரைக்கூட மாற்றாமல், 500 மைலையும் ஓட்டி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 88 மைலுக்கு மேல். 1912-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்த கார் ஒன்று அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

ஏழு கார்களில் ஒன்று. மூன்று சகோதரர்களில் கடைசித் தம்பி. செவர்லே குடும்பத்துக்கு அது பெரிய திருநாள்.

ஆறே மாதம்

அந்தச் சந்தோஷம் ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. 1920-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி கலிபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸ் என்ற இடத்தில் பந்தயம். அங்கே பாதை மரப் பலகைகளால் ஆனது. ஓரங்கள் சுவர் போல் உயர்ந்திருக்கும். அதில் காஸ்டனின் காரும் எடி ஓடானல் என்பவரின் காரும் மோதின. காஸ்டன் இறந்தார். ஓடானலும், அவருடைய மெக்கானிக்கும் இறந்தார்கள். காஸ்டனுக்கு வயது 28.

அந்த ஆண்டின் அமெரிக்கச் சாம்பியன் பட்டம் காஸ்டனுக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

லூயி அதோடு பந்தயம் ஓட்டுவதை விட்டார். அமெரிக்காவுக்கு அழைத்து வந்ததும் அவர். தொழிலைக் கற்றுக் கொடுத்ததும் அவர். காரைச் செய்து கொடுத்ததும் அவர். இனி ஸ்டீயரிங்கைத் தொட அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் பட்டறையை மூட முடியவில்லை. வேறு தொழில் தெரியாதே! 1921-ல் எட்டு சிலிண்டர் ஃபிரான்டினாக் கார் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ஜெயித்தது. ஓட்டியவர் டாமி மில்ட்டன். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஒரே பட்டறைக் கார்கள் ஜெயித்தது பெரிய சாதனை. இருந்தும் கல்லாவில் காசு இல்லை. யுத்தத்துக்குப் பிந்திய வியாபார மந்தத்தில், ஃபிரான்டினாக் பெயரில் சாதாரணக் கார் செய்து விற்கும் திட்டமும் வீணாயிற்று.

ஏழையின் கார்

அப்போதுதான் லூயியும் ஆர்தரும் ஹென்றி ஃபோர்டின் டி மாடலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அது அமெரிக்காவின் ஏழைக் கார். விவசாயிகளும் சின்ன வியாபாரிகளும் வைத்திருந்த கார். லட்சக்கணக்கில் ஓடியது. பழசாகிவிட்டால் அற்ப விலைக்குக் கிடைக்கும். சக்தி 20 குதிரை. வேகம் மணிக்கு 40, 45 மைல். அதை வைத்துக்கொண்டு யாரும் பந்தயக் கனவு காண முடியாது.

அந்த எஞ்சினில் குறை எங்கே இருந்தது? வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. பெட்ரோல் காற்று வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். புகையும் அப்படியே வெளியே வர வேண்டும். மூச்சு முட்டிய மனிதன் ஓடினால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான் அந்த எஞ்சினும் ஓடியது.

சகோதரர்கள் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். ஹெட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிலிண்டர் மூடியை மட்டும் புதிதாகச் செய்தார்கள். அதில் வால்வுகள் சிலிண்டருக்கு நேர் மேலே இருந்தன. காற்று தாராளமாகப் போய் வந்தது. பழைய மூடியைக் கழற்றிவிட்டு, இதை மாட்டினால் போதும். சரியாகச் செய்தால் எஞ்சினின் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. புது எஞ்சின் வாங்க வேண்டாம். புதுக் காரும் வேண்டாம். இண்டியானாபோலிஸில் இருந்த அவர்கள் பட்டறையிலிருந்து அந்த மூடிகள் நாடெங்கும் போயின. அவற்றைப் பூட்டிய வண்டிகளுக்கு ஃபிரான்டி ஃபோர்டு என்று பெயர் ஏற்பட்டது.

அமெரிக்காவின் சிறு ஊர்களில் திருவிழாச் சந்தை நடக்கும் மைதானங்களில் குதிரைப் பந்தயத்துக்கென்று மண் பாதைகள் உண்டு. அங்கெல்லாம் ஃபிரான்டி ஃபோர்டுகள் பறந்தன. ஓட்டியவர்களில் பெரிய வீரர்கள் குறைவு. உள்ளூர் மெக்கானிக்குகளும், கைக்காசைப் போட்டு வண்டி கட்டிய வாலிபர்களும்தான் அதிகம். வாரம் முழுவதும் பிழைப்பு. லீவு நாளில் பந்தயம். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த மோட்டார் பந்தயம் சாமானியன் கைக்கும் எட்டியது. இதைச் செய்தவர், மலிவான கார் வேண்டாம் என்று சண்டை போட்ட அதே லூயி செவர்லே!

ஃபோர்டும் வந்தார்

சந்தை மைதானத்தோடு அது நிற்கவில்லை. 1923-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்திலேயே ஒரு ஃபிரான்டி ஃபோர்டு இறங்கியது. பார்பர்-வார்னாக் என்ற உள்ளூர் ஃபோர்டு வியாபாரிகள் பணம் போட்டார்கள். எதிரே, பந்தயத்துக்கென்றே ஆயிரக்கணக்கான டாலர் செலவில் செய்த கார்கள். விவசாயியின் வண்டி வம்சத்தில் வந்த இந்தக் கார் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். கோரம் என்ற டிரைவர் அதை மணிக்கு 82 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டி, 500 மைலையும் முடித்தார். கிடைத்த இடம் ஐந்தாவது! சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு 1924-ல் மூன்று ஃபிரான்டி ஃபோர்டுகள் கலந்துகொண்டன. அந்த ஆண்டுப் பந்தயத்துக்குக் கௌரவ நடுவராக வந்தவர் ஹென்றி ஃபோர்டு. தன்னுடைய மலிவுக் கார் இப்படி ஓடுவதைப் பார்த்து அவருக்கும் பெருமைதான். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

மூன்று கார்களில் ஒன்றை ஓட்டியவர் ஆல்ஃபிரட் மாஸ் என்ற இங்கிலீஷ் வாலிபர். பல் வைத்தியம் படிப்பதற்காக இண்டியானாபோலிஸ் வந்தவர். படிப்புக்கு நடுவில் பந்தயத்திலும் இறங்கினார். அவருக்குக் கிடைத்தது 16-வது இடம். ஊர் திரும்பிப் பல் டாக்டராகத் தொழில் செய்தார். 1929-ல் அவருக்குப் பிறந்த மகன்தான், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ்.

கடைசிக் காலம்

1927-ல் ஃபோர்டு கம்பெனி டி மாடலை நிறுத்தியது. அதே ஆண்டில் செவர்லே கார், விற்பனையில் ஃபோர்டை மிஞ்சியது. பெயர் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெயருக்கு உரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். டி மாடல் நின்றதும் அதற்கான மூடி வியாபாரமும் படிப்படியாகக் குறைந்தது.

லூயியும் ஆர்தரும் ஆகாய விமான எஞ்சின் செய்வதில் இறங்கினார்கள். நல்ல எஞ்சின்தான் செய்தார்கள். ஆனால் 1929-ல் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்து, பெரும் பொருளாதார மந்தம் வந்தது. கம்பெனி கைமாறியது. இதற்கிடையே சகோதரர்களுக்குள் மனக்கசப்பும் வந்தது. காஸ்டனின் சாவையும், அத்தனை தோல்விகளையும் சேர்ந்து தாங்கியவர்கள் பிரிந்துபோனார்கள்.

1930-களில் லூயி டெட்ராய்ட் திரும்பினார். அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவில் ஒரு வேலை கிடைத்தது. தன் பெயர் எழுதிய கம்பெனியில், சம்பளத்துக்கு வேலை! 1934-ல் அவருடைய மூத்த மகன் இறந்தான். லூயியின் உடல்நிலையும் கெட்டது. மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, வேலை செய்ய முடியாமல் போயிற்று. கடைசி நாட்களில் ஒரு காலையும் எடுக்க வேண்டி வந்தது.

1941-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி லூயி செவர்லே காலமானார். வயது 62. அந்த ஆண்டில் செவர்லே கார்கள் சுமார் 10 லட்சம் விற்றன. ஆர்தர் 1946-ல் லூயிசியானாவில் இறந்தார்.

பக்கத்தில் தம்பி

லூயி தன் கம்பெனியை விட்டு வந்தது புத்திசாலித்தனமா, முட்டாள்தனமா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. பணத்தைக் கணக்குப் பார்த்தால் அவர் செய்தது நஷ்டம்தான். ஆனால் அவர் கையால் செய்த கார்கள் இரண்டு ஆண்டு அடுத்தடுத்து உலகப் பந்தயத்தில் ஜெயித்தன. அவர் செய்த இரும்பு மூடி, அற்ப விலைப் பழைய காரை வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பந்தய வீரர்களாக்கியது. அதற்கு அவர் கொடுத்த விலை, ஒரு தம்பியின் உயிரும் இன்னொரு தம்பியின் உறவும்.

1975-ல் இண்டியானாபோலிஸ் பந்தய மைதானத்து மியூசியத்தில் லூயிக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அங்கே அவருக்கு இருக்கும் மரியாதை பந்தய வீரர் என்ற முறையில்தான். கார் முதலாளி என்பதற்காக அல்ல.

லூயி இறந்தது டெட்ராய்டில். ஆனால் அவரை அடக்கம் செய்தது இண்டியானாபோலிஸில். அந்த நகரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தம்பி காஸ்டன் கிடக்கும் இடத்துக்கு அருகில், அண்ணனும் துயில்கிறார்.